ஆய்வில் தோற்றவர் ‘திசு வளர்ப்பின் தந்தை’ ஆனது எப்படி?

ஜாசினோ அலோர் காஜாவோ, பாசார் மாலாமில் தொங்காட் அலி வேரைப் பார்த்திருப்பீங்க. அதில் மருந்தே வேர்தான். வேரைத் தோண்டினால் மரம் போச்சு. விதை போட்டு வளர்க்கலாம், ஆனால் வேர் தேறுவதற்குப் பல வருடம் காத்திருக்கணும். அதனால்தான் மலேசிய ஆய்வாளர்கள் அதன் சிறு துண்டைப் பாட்டிலில் வைத்துக் கன்று உருவாக்கப் பார்க்கிறார்கள். இதுதான் திசு வளர்ப்பு. இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் கோட்லீப் ஹேபர்லாண்ட்.

1854-இல் ஹங்கேரியில் பிறந்தவர். அப்பா விவசாயப் பேராசிரியர். மகன் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். 1891-இல் கப்பலேறி, நமக்குப் பக்கத்தில் ஜாவாவில் இருக்கும் போகோர் தாவரவியல் பூங்காவுக்கும் வந்தார்.

அவரைக் குடைந்த கேள்வி இதுதான்: செடியின் ஒரே ஒரு செல்லைத் தனியாக எடுத்து வைத்தால், அது முழுச் செடியாகுமா?

இலைச் செல்களைப் பிரித்து, உப்புச் சத்தும் சர்க்கரையும் கலந்த நீரில் விட்டார். நம்ம ஊர்க் குளத்தில் மிதக்குமே ஆகாயத்தாமரை, அதன் இலைக்காம்புச் செல்லையும் விடவில்லை. செல்கள் வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன, பருக்கவும் செய்தன. ஆனால் ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை. பிரியாமல் செடி எப்படி வரும்?

அவர் எடுத்தவை முற்றிய செல்கள். அதைவிட முக்கியம், செல்லைப் பிரியவைக்கும் ஹார்மோன்களைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வேறு யாராவது என்றால் நோட்டை மூடி வைத்திருப்பார்கள். இவரோ 1902-இல் தோல்வியை அப்படியே வெளியிட்டார். சாதாரணச் செல்லிலிருந்து ஒருநாள் கருவையே வளர்க்க முடியும் என்றும் அதில் எழுதினார். 1913-இல் உருளைக்கிழங்கை வைத்துச் சோதித்தபோது, செடியின் சாற்றுக் குழாய்த் திசுவில் இருக்கும் ஏதோ ஒன்று செல்களைப் பிரியவைக்கிறது என்று கண்டார். ஹார்மோன் பக்கம் நெருங்கிவிட்டார் என்றே சொல்லலாம்.

அடுத்த திருப்பம் எதில் வந்தது தெரியுமா? தேங்காய்த் தண்ணீரில்! 1941-இல் அமெரிக்காவில் அதைச் சேர்த்தபோது, ஊமத்தையின் பிஞ்சுக் கருக்கள் நன்றாக வளர்ந்தன.

1945 ஜனவரியில், போர் முடியும் முன்பே, ஹேபர்லாண்ட் பெர்லினில் இறந்தார். 1958-இல் கேரட் செல்களிலிருந்து கரு வந்தது. அங்கேயும் தேங்காய்த் தண்ணீர்தான் கைகொடுத்தது. 1965-இல், இந்தியாவில் படித்த விமலா வாசிலும் ஹில்டபிராண்டும் தனித்து வைத்த ஒரே ஒரு புகையிலைச் செல்லை, பூக்கும் செடியாகவே வளர்த்துக் காட்டினார்கள்.