ஒரு துளி நீர்

குழந்தைகளே, உங்கள் வகுப்பில் யாருக்காவது 'மெட்ராஸ் ஐ' வந்ததுண்டா? கண் சிவந்து, பீளை தள்ளி, காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். நான் ஆசிரியராக இருந்தபோது, ஒருவனுக்கு வந்தால் போதும், சில நாளில் வகுப்பில் பல பேர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று மற்றவர்கள் ஓடுவார்கள். பார்த்தால் ஒட்டாது! கண்ணைக் கசக்கிய கையும், முகம் துடைத்த துண்டும்தான் நோயைக் கொண்டு போகும். ஏனென்றால் கிருமி இருப்பது கண்ணிலிருந்து வடியும் நீரில்.

அப்படிப்பட்ட ஒரு துளி நீர், ஒரு பெரிய மருத்துவரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

எலிசபெத் பிளாக்வெல் அம்மையார் 1821-ல் இங்கிலாந்தில் உள்ள பிரிஸ்டலில் பிறந்தார். 11 வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்காத காலம் அது. பல கல்லூரிகள் மறுத்துவிட்டன. நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊரின் கல்லூரி மட்டும், சேர்க்கலாமா என்று மாணவர்களிடமே கேட்டது. யாரோ வேடிக்கை செய்கிறார்கள் என்று நினைத்து, அவர்களும் சம்மதித்துவிட்டார்கள்! 1849 ஜனவரியில் பட்டம் வாங்கினார் எலிசபெத். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்பது அவர் ஆசை. பயிற்சிக்காகப் பாரிஸ் நகரின் பிரசவ மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் பட்டம் இருந்தும், அங்கே மருத்துவச்சிப் பயிற்சி மாணவியாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நவம்பரில், பச்சைக் குழந்தை ஒன்றின் கண்ணில் சீழ் வடிந்தது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொடிய நோய் அது. பீச்சுகுழலால் கண்ணைக் கழுவியபோது, கழுவிய நீர் எலிசபெத்தின் கண்ணில் தெறித்தது. உறுத்தல் தொடங்கியது. மறுநாள் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. மூன்று வாரம் கண் மூடிப் படுத்திருந்தார். வலது கண் தேறியது. இடது கண் போய்விட்டது. அடுத்த ஆண்டு அதை அகற்றிக் கண்ணாடிக் கண் வைத்தார்கள். அறுவை சிகிச்சைக் கனவும் அதோடு போயிற்று.

அப்போது கிருமிகளைப் பற்றியே மருத்துவர்களுக்குச் சரியாகத் தெரியாது. இப்போது அந்த நோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது. மெட்ராஸ் ஐ வேறு கிருமியால் வருவது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே குணமாகிவிடும். ஆனாலும் வலி அதிகமானாலோ, பார்வை மங்கினாலோ உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பாட்டி சொன்னாலும் தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டுக்கொள்ளாதீர்கள்!

எலிசபெத் சோர்ந்துவிடவில்லை. 1857-ல் நியூயார்க்கில் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை திறந்தார். அங்கே அறுவை சிகிச்சைக் கத்தியைப் பிடித்தவர், அக்காவைப் பார்த்தே மருத்துவரான தங்கை எமிலி. 1868-ல் பெண்களுக்கென மருத்துவக் கல்லூரியும் தொடங்கினார்கள். அதில் எலிசபெத் அம்மையார் எடுத்துக்கொண்ட பாடம் சுகாதாரம்.