ஆளுநரைச் சிறையிட்ட அவை

1776 ஆகஸ்ட் 24-ஆம் நாள் மாலை, சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து தமது தோட்ட மாளிகைக்கு வண்டியில் புறப்பட்டார் ஆளுநர் பிகாட் பிரபு. உடன் அமர்ந்திருந்தவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அன்று ஆளுநரின் மேசையிலேயே உணவருந்தியவர். வழியில் வண்டி மறிக்கப்பட்டது. ஆளுநர் கைது செய்யப்பட்டுப் பரங்கிமலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். கைதுக்கு ஆணையிட்டது பகை நாட்டு அரசு அன்று. அவர் தலைமை வகித்த ஆலோசனை சபையின் பெரும்பான்மையே அந்த ஆணையைப் பிறப்பித்தது.

ஜார்ஜ் பிகாட் 1719-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே கிழக்கிந்திய கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து 1755-இல் ஆளுநரானார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, இரண்டு மாதங்களுக்கு மேல் அதனைக் காத்து நின்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1761-இல் புதுச்சேரி வீழ்ந்ததும் அவரது ஆட்சிக்காலத்தில்தான். 1763-இல் பெருஞ்செல்வத்துடன் தாயகம் திரும்பினார். அயர்லாந்துப் பிரபுப் பட்டம் பெற்றார். அவர் வைத்திருந்த வைரம் அவர் பெயராலேயே உலகப் புகழ் பெற்றது. அக்காலக் கம்பெனி அதிகாரிகள் சேர்த்த செல்வத்தின் மீது படிந்த ஐயம் அவரது செல்வத்தின் மீதும் உண்டு.

அவர் 1775 இறுதியில் மீண்டும் ஆளுநராக வந்தபோது நிலைமை மாறியிருந்தது. 1773-இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்காகக் கம்பெனிப் படை தஞ்சாவூரைக் கைப்பற்றி, மராட்டிய மன்னர் துளஜாவை அரியணையிலிருந்து இறக்கியிருந்தது. லண்டனிலிருந்த இயக்குநர் அவை இதனை ஏற்கவில்லை. மன்னருக்கு நாட்டைத் திருப்பித் தருமாறு பிகாட்டுக்குக் கட்டளையிட்டது. 1776 ஏப்ரலில் அவர் நேரில் தஞ்சைக்குச் சென்று அதனை நிறைவேற்றினார்.

இங்கேதான் பொருளியல் குறுக்கிடுகிறது. நவாப் பெருங்கடனாளி. அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனியின் ஊழியர்களே. தஞ்சை வயல்களின் விளைச்சலும் வருவாயும் அக்கடன்களுக்கு ஈடாகக் காட்டப்பட்டிருந்தன. ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு மட்டுமே ஊதியம் பெற்ற பால் பென்ஃபீல்டு என்ற இளநிலை ஊழியர், தமக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கும் மேல் வர வேண்டியிருக்கிறது என்று உரிமை கோரினார். நாடு மன்னரிடம் திரும்பினால் ஈடு கைநழுவிவிடும். கோரிக்கையை முதலில் தள்ளிய ஆலோசனை சபை, பின்னர்ப் பெரும்பான்மை வாக்கால் தன் முடிவை மாற்றிக்கொண்டது. தஞ்சைக்குத் தம் நம்பிக்கைக்குரிய ரஸ்ஸலை அனுப்ப ஆளுநர் விரும்பினார். கர்னல் ஸ்டூவர்ட்டை அனுப்பப் பெரும்பான்மையினர் முனைந்தனர்.

பூசல் விரைவிலேயே சட்டச் சிக்கலாக மாறியது. ஆளுநர்களையும் அதிகாரிகளையும் அமர்த்தும் உரிமையை 1661-ஆம் ஆண்டின் அரச சாசனம் கம்பெனிக்கு வழங்கியிருந்தது. 1773-இன் ஒழுங்குமுறைச் சட்டம் வங்காளத்தின் தலைமை ஆளுநரையும் அவரது சபையினரையும் பெயர் சொல்லியே நியமித்தது. சென்னை நியமனமோ இயக்குநர் அவையின் கையிலேயே இருந்தது. ஆளுநரை நியமித்த அதே அவைதான் ஆலோசனை சபை உறுப்பினர்களையும் நியமித்தது. நிர்வாகம் ஆளுநரிடமும் சபையிடமும் கூட்டாக ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆனால், இருவரும் முரண்பட்டால் என்ன செய்வது? பெரும்பான்மை தீர்மானித்ததை ஆளுநர் நிறுத்தி வைக்கலாமா? இதற்குத் தெளிவான விடை எந்த ஆவணத்திலும் இல்லை.

தம் ஒப்புதல் இன்றி எந்த ஆணையும் செல்லாது என்றார் பிகாட். பெரும்பான்மையின் முடிவே அரசின் முடிவு என்றனர் எதிர்த்தரப்பினர். ஆளுநர் கையொப்பமிட மறுத்த ஆணையில் செயலரே கையொப்பமிடலாம் என்று ஸ்ட்ராட்டனும் புரூக்கும் எழுதிக் கொடுக்க முற்பட்டனர். அதையே குற்றமாகச் சாட்டினார் ஆளுநர். குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கில் வாக்களிக்கக் கூடாது என்பது விதி. அதனால் வாக்குகள் சமமாயின. தமது முடிவு வாக்கைச் செலுத்தி இருவரையும் அவர் இடைநீக்கம் செய்தார். அது விதியின் சொல்லுக்கு உட்பட்டிருக்கலாம். விதியின் நோக்கத்துக்கு உட்பட்டதா என்பது ஐயமே. இரண்டு நாள்களில் எதிர்த்தரப்பு படையைக் கொண்டு பதில் சொன்னது.

ஆளுநர் இறந்தாலோ விலகினாலோ சபை மூப்பில் அடுத்தவர் பொறுப்பேற்பது மரபு. அந்த மரபைக் காட்டி ஸ்ட்ராட்டன் ஆளுநர் இருக்கையில் அமர்ந்தார். ஆளுநர் உயிருடன், சில மைல் தொலைவில், காவலில் இருந்தார்! கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸின் தலைமையிலான சபை இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே அதே ஹேஸ்டிங்ஸின் பதவிக்குக் கிளாவரிங் உரிமை கொண்டாடினார். அங்கு உச்ச நீதிமன்றம் இருந்தது. அது ஹேஸ்டிங்ஸின் பக்கம் நின்றது. பிகாட்டுக்கு அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை.

செய்தி கடல் கடந்து லண்டனை அடையப் பல மாதங்கள் ஆயின. அங்கு நீண்ட விவாதம் நடந்தது. பிகாட்டை மீண்டும் பதவியில் அமர்த்துவது, ஒரு வாரத்துக்குள் அவர் பொறுப்பை ஒப்படைத்துத் தாயகம் திரும்புவது என்று 1777 ஜூனில் ஆணை பிறந்தது. ஆனால், அதற்கு ஒரு மாதம் முன்பே, மே 11-ஆம் நாள், காவலில் இருந்த நிலையிலேயே அவர் இறந்துவிட்டார். மரண விசாரணை நடத்திய நடுவர் குழு அதனைக் கொலை என்றது. அந்தக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. பின்னர், ஸ்ட்ராட்டன் உள்ளிட்ட நால்வர் இங்கிலாந்தில் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. தண்டனை, ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். அவர்களின் செல்வத்துக்கு அது ஒரு பொருட்டே அன்று.

சட்டம் பிறகுதான் விழித்துக்கொண்டது. 1784-இன் பிட் இந்தியச் சட்டம் ஆளுநர்களைத் திரும்ப அழைக்கும் அதிகாரத்தை மன்னருக்கு அளித்தது. சபையின் பெரும்பான்மையை மீறித் தம் பொறுப்பில் முடிவெடுக்கும் சிறப்பதிகாரம் 1786-இல் தலைமை ஆளுநருக்குக் கிடைத்தது. 1793-இல் சென்னை, பம்பாய் ஆளுநர்களுக்கும் விரிந்தது. 1858-க்குப் பிறகு அவர்களது நியமனமே முடியாட்சியிடம் சென்றது. நவாபின் கடன்களோ நாடாளுமன்றத்தை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தன. அவற்றைத் தீர்க்கக் கர்நாடகத்தின் வரிப்பணமே செலவானது. ஆளுநர் யார், சபை எது என்று அறியாத உழவர்தான் இறுதியில் விலை கொடுத்தார்.

நம் குடியரசில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமைச்சரவையோ மக்கள் தேர்ந்தெடுத்த சட்டப்பேரவைக்குப் பொறுப்பானது. இருவரின் அதிகாரமும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. கம்பெனி ஆட்சியோடு மக்களாட்சியை ஒப்பிடுவது முறையன்று. எனினும், யார் நியமிப்பது என்பதைத் தெளிவாக எழுதிவிட்டு, நியமிக்கப்பட்டவர் எதுவரை செல்லலாம் என்பதை மங்கலாக விட்டுவிட்டால், அந்த இடைவெளியைச் சட்டத்துக்கு அப்பாற்பட்ட நலன்களே நிரப்பும் என்பதற்குப் பரங்கிமலைச் சிறைவாசம் சான்று. 1776-இல் அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் கடன்காரர்கள்.