தோட்டத்துப் பெண்களின் தலைவி: கேப்டன் லட்சுமி

போர்க்களத்தில் காயமுற்றோர்க்குத் தொண்டு செய்த பெண்மணி என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருபவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே. 1854ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது கையில் விளக்கேந்தி நோயாளிகளிடையே நடந்த அவருடைய வரலாற்றை நாமும் வகுப்பறையில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நம் சென்னையில் பிறந்து, கடல் கடந்து சென்று, பர்மாவில் குண்டுவீச்சு அச்சத்தின் நடுவே மருத்துவம் பார்த்து, சிறைப்பட்டு, உயிரோடு மீண்ட டாக்டர் லட்சுமி அவர்களின் வரலாற்றை நாம் அவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை. அவர் தாதியல்லர், மருத்துவர், படைத்தலைவியும் ஆவார். அவருக்குக் கீழ் தாதியராகவும் சிப்பாய்களாகவும் நின்ற பெண்களில் பெரும்பாலோர் யார் என்பதை அறிந்தால், இம்மலரில் அவரைப் பற்றி எழுத நாம் ஏன் முன்வந்தோம் என்பது விளங்கும்.

திருவக்கரையிலும் சுற்றுப்புறச் சேரிகளிலும் அக்கரைச் சீமைக் கதைகளைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்தும், வடார்க்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்தும் கங்காணியின் சொல்லை நம்பிப் பல்லாயிரவர் மலேயா நாட்டுக்குக் கப்பலேறினர். ஏறியவர்களுள் ஆதிதிராவிட மக்கள் பெருந்தொகையினர். பண்ணையடிமையும் பஞ்சமும் தீண்டாமையும் ஒருசேரத் துரத்தும்போது, கடலைக் கண்டு அஞ்சுவார் யார்? அங்கே ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, லயங்களில் குடியிருந்து, பிள்ளை பெற்று வளர்த்தனர். அந்தப் பிள்ளைகளில் மிகப் பலர் இந்திய மண்ணைக் கண்ணாலும் கண்டதில்லை. அவர்களைத் தேடித்தான் பின்னாளில் லட்சுமி சென்றார்.

லட்சுமி 1914ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுவாமிநாதன், சென்னை உயர்நீதிமன்றத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர். அன்னையார் அம்மு சுவாமிநாதன், மலபார்ப் பகுதியிலுள்ள ஆனக்கரையைச் சேர்ந்தவர். அண்ணல் அம்பேத்கர் வரைவுக் குழுத் தலைவராக இருந்து அரசியலமைப்பை உருவாக்கிய அவையில் உறுப்பினராக அமர்ந்தவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். ஆகவே லட்சுமியின் இளமை வசதியான இளமை. பசியையோ அவமதிப்பையோ அவர் தம் உடம்பில் அனுபவித்தவரல்லர். இதனை மறைக்க வேண்டியதில்லை.

எனினும் ஒரு நிகழ்ச்சி உண்டு. விடுமுறைக்குப் பாட்டியின் ஊருக்குச் செல்லும்போது, அருகிலுள்ள காட்டிலும் மலையிலும் வாழ்ந்த மக்களின் குரல் வீட்டுக்குக் கேட்கும். அவர்களுடைய நிழல் பட்டாலும் தீட்டு என்பது பாட்டியின் எண்ணம். சிறுமி லட்சுமி ஒருநாள் நேரே சென்று அம்மக்களில் ஒரு சிறுமியின் கையைப் பற்றி விளையாட அழைத்து வந்துவிட்டார். பாட்டிக்குக் கடுஞ்சினம், பேத்திக்கும் சினம் குறையவில்லை. முடிவில் பேத்தியே வென்றார். குழந்தை விளையாட்டுத்தானே என்று சிலர் கருதலாம். தொட்டால் தீட்டு என்று விலக்கப்பட்ட கை எவருடையதோ, அவர் அவ்வாறு கருதமாட்டார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். அடுத்து மகப்பேறு மருத்துவத்தில் பட்டயமும் பெற்றுத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் பணியாற்றினார். இளமையில் அமைந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. 1940ஆம் ஆண்டு சிங்கப்பூர் சென்று அங்கே ஒரு மருத்துவகம் நடத்தலானார். அங்கு வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து பிழைக்கச் சென்ற ஏழைத் தொழிலாளர்கள். அவர்களுடைய மனைவியர், குழந்தைகள்.

இரண்டாண்டுகளுக்குள் போர் அங்கேயும் வந்துவிட்டது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வெள்ளைக்காரர் வெல்ல முடியாதவர் என்ற எண்ணமும் அன்றே வீழ்ந்தது எனலாம். காயமுற்ற போர்க்கைதிகளுக்கு லட்சுமி மருத்துவம் செய்தார்.

அவ்வாண்டின் இடையில்தான் சயாம் ரயில்பாதை வேலை தொடங்கியது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளம், காடும் மலையும் ஆறும் குறுக்கிட்ட வழி. மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை ஆசை காட்டியும் வலுவில் பிடித்தும் ஜப்பானியர் கொண்டு சென்றனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுக்காவது பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர்க்கு அவ்வாறான கல்லறைகள் இல்லை. ஜப்பானியரின் துணையோடு இந்திய விடுதலைக்குப் போராட முனைந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இக்கொடுமையையும் கூடவே பேசுவதுதான் நேர்மை என்பது நம் கருத்து.

1943ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்கள் படை ஒன்று வேண்டுமென்றார். பத்தே நாளில், ஜூலை 12 அன்று, இருபது பெண்களைத் திரட்டித் துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பு மரியாதை செய்யவைத்தார் லட்சுமி. படைக்குத் தலைமையேற்க நேதாஜி கேட்டபோது தயங்காமல் இசைந்தார். அக்டோபர் 21ஆம் நாள் அமைந்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் அவர் ஒருவரே பெண் அமைச்சர். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது.

ஆள் சேர்க்கத் தோட்டந்தோட்டமாகச் சென்றனர். படித்த குடும்பத்துப் பெண்கள் சிலர் வந்தனர். ஆயினும் பால்மரம் வெட்டிய கைகளே மிகுதியாக வந்தன. நூற்றுக்கணக்கில் வந்தன. சேலையை விட்டுக் காக்கி உடை அணிந்தனர். கூந்தலைக் கத்தரித்துக்கொண்டவர்களும் உண்டு. துப்பாக்கி சுடுதல், சுமையோடு நெடுந்தொலைவு நடத்தல், சிலருக்குத் தாதியர் பயிற்சி எனப் பயிற்சிகள் நடந்தன. ஆணைகள் இந்துஸ்தானி மொழியில். அம்மொழியை ரோமன் எழுத்தில் கற்பித்தனர். பள்ளிக்கூடமே காணாத பெண்களும் அவ்வகுப்பில் அமர வேண்டியதாயிற்று. சாதி, மதம் பார்த்துத் தனித்தனி அடுப்பு மூட்டும் வழக்கம் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் இருந்தது. நேதாஜியின் படையில் அது ஒழிக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. ஊரில் தேநீர்க் கடைக்குள் நுழைய முடியாதவர்களின் வழிவந்த பெண்கள் அப்பந்தியில் அமர்ந்து உண்டதை எண்ணிப் பாருங்கள், இளைஞர்களே.

1944ஆம் ஆண்டு படையினர் பர்மாவுக்குப் புறப்பட்டனர். சென்ற வழி எது? அந்தச் சயாம் ரயில்பாதைதான். தந்தையரும் அண்ணன்மாரும் மாண்ட தண்டவாளத்தின்மீது அப்பெண்கள் பயணம் செய்தனர்.

போர்முனைக்குச் செல்ல வேண்டுமென்றே அவர்கள் துடித்தனர். மாந்தலேக்கு அருகிலுள்ள மேமியோ என்னும் மலையூரில் தங்கி அழைப்புக்காகக் காத்திருந்தனர். ஆனால் அவ்வாண்டு மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு, மழை இறங்கியதும் முறிந்தது. உணவில்லை, மருந்தில்லை. எலும்புந்தோலுமாக, மலேரியாவும் சீதபேதியும் பற்றிய வீரர்கள் திரும்பி வரத் தொடங்கினர். துப்பாக்கி பிடிக்கப் பழகிய பெண்கள் அப்போது புண்ணைக் கழுவவும், மலங்கழித்த துணியை அலசவும், கஞ்சியூட்டவும், வானூர்தி ஒலி கேட்டால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு பதுங்கவும் நேர்ந்தது. அவர்கள் போரிடவே இல்லையே என்று குறைவாகப் பேசுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. முன்னேறும் படையோடு செல்ல எவரும் துணிவர். தோற்றுத் திரும்பும் படையின் நோயாளியை விட்டு ஓடாமல் நிற்பதற்கு வேறொரு துணிவு வேண்டும்.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ரங்கூன் கைவிடப்பட்டது. அங்கிருந்த ராணிகளைப் பாதுகாப்பாக அனுப்பாமல் தாம் மட்டும் செல்ல நேதாஜி மறுத்து, அவர்களோடு சேர்ந்தே புறப்பட்டார். பகலில் விமானங்களுக்கு அஞ்சி மறைந்தும், இரவில் சேற்றிலும் ஆற்றிலும் நடந்தும் சயாம் எல்லையை நோக்கிச் சென்றனர். லட்சுமி அக்கூட்டத்தில் இல்லை. அவர் பர்மாவிலேயே மருத்துவப் பணியில் இருந்தார். மே மாதம் ஆங்கிலேயப் படையிடம் பிடிபட்டார். ஏறத்தாழ பத்து மாதம் பர்மாவிலேயே காவலில் வைக்கப்பட்டார். 1946ஆம் ஆண்டு மார்ச்சில்தான் அவரை இந்தியாவுக்கு அனுப்பினர். செங்கோட்டை வழக்கினால் நாடே கொந்தளித்திருந்த காலம் அது. வந்திறங்கியவரை மக்கள் வீராங்கனையாக வரவேற்றனர்.

தோட்டத்துப் பெண்களுக்கு அத்தகைய வரவேற்பு கிட்டவில்லை. படை கலைக்கப்பட்டதும் அவர்கள் லயங்களுக்குத் திரும்பினர், மீண்டும் பால்மரம். அவர்களில் ஒருசிலரின் பெயர்களே நூல்களில் ஏறின.

1947ஆம் ஆண்டு மார்ச்சில், செங்கோட்டை வழக்கில் நின்ற மூவருள் ஒருவரான பிரேம் சேகலை லாகூரில் மணந்து, லட்சுமி கான்பூரில் குடியேறினார். பிரிவினையால் வீடிழந்து வந்தவர்கள் அவ்வூரில் நிறைந்திருந்தனர். அவர்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கியவர், ஏழைப் பெண்களுக்குப் பேறு பார்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டார். 1971ஆம் ஆண்டு வங்காள தேச அகதிகளிடையேயும், 1984ஆம் ஆண்டு டிசம்பரில் நச்சுவாயு கசிந்த போபாலிலும் மருத்துவத் தொண்டு செய்தார். அதே ஆண்டு சீக்கியருக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, கான்பூரில் தம் பகுதியில் தெருவில் இறங்கி நின்று கும்பலைத் தடுத்தார். அப்போது அவருக்கு வயது எழுபது. 1998ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருது வந்தது. 2002ஆம் ஆண்டு இடதுசாரிக் கட்சிகள் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தின. எதிரே நின்று வென்றவர் அப்துல் கலாம். இருவருமே தமிழகத்தில் பிறந்தவர்கள் என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது.

தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் நாள்தோறும் மருத்துவகத்துக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்தார். 2012ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் தம் தொண்ணூற்றேழாம் வயதில் கான்பூரில் காலமானார். அவருடைய விருப்பப்படி அவர் உடல், மாணவர்கள் பயில்வதற்காகக் கான்பூர் மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைக்கப்பட்டது.