ஒற்றைக் கண்ணும் அரை டன் ஸ்கோப்பும்

குற்றாலத்துல சர்வே கேம்ப் போட்ட சிவில் மக்களுக்கு இந்தக் காட்சி நல்லாவே தெரியும். தென்காசியில வெயில் அடிக்கும். நாம ட்ரைபாடை ஊன்றி, பபிளை நடுவுக்குக் கொண்டுவர்றதுக்குள்ள மலையிலிருந்து சாரல் இறங்கிடும். எதிர்ல ரேஞ்சிங் ராட் பிடிச்சுட்டு நின்ன பையனையே காணோம்!

போன கேம்ப்ல எங்க டீம் இன்னொரு கூத்தும் பண்ணிச்சு. தியோடலைட்டை ட்ரைபாட் மேல முழுசா முறுக்காம விட்டுட்டோம். அரை நாள் ரீடிங் எடுத்த பிறகுதான் அது ஆடுறதே தெரிஞ்சது. ட்ராவர்ஸ் மூடவே இல்ல. பேசாம கணக்குல சரி பண்ணிடலாமான்னு ஒருத்தன் மெதுவா கேட்டான். யாரும் உடனே வேண்டாம்னு சொல்லல. அன்னைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தவர்தான் வில்லியம் லாம்டன். அவர் கதையைத்தான் இந்த இதழ்ல சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். துப்பாக்கி மேல மாட்டுற ஸ்கோப்பும் தியோடலைட்டோட டெலஸ்கோப்பும் அண்ணன் தம்பி மாதிரி. அமெரிக்காவுல வான்கோழி வேட்டைக்குப் போறவங்க ஷாட்கன் மேல ஸ்கோப் மாட்டும்போது என்ன செய்வாங்க? முதல்ல அடித்தளத் திருகுகளை இறுக்குவாங்க. அடுத்து குறுக்கு இழை சாயாம நேரா நிக்குதான்னு பார்ப்பாங்க. பிறகு கண்ணுக்கு இழை தெளிவாத் தெரியுற மாதிரி ஐபீஸைத் திருப்பி, காகிதத்துல சுட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா திருத்துவாங்க. நம்ம செட்டிங் அப், லெவலிங், பாரலாக்ஸ் நீக்குறது எல்லாம் இதே வேலைதான். அடித்தளம் ஆடினா மேல எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி இருந்தும் பயனில்லை. ஒரு ஆர்க் மினிட் பிசகினால் 1 கிலோமீட்டர் தூரத்தில் 29 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். நம்ம லேப் தியோடலைட்டின் 20 செகண்ட் லீஸ்ட் கவுண்ட் என்பதே அங்கே கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர்.

சரி, லாம்டனுக்கு வருவோம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வசதியில்லாத ஒரு குடும்பத்தில் 1750-களில் பிறந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து வட அமெரிக்காவுக்குப் போனார். அங்கே நில அளவை வேலையில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணத்தைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டார். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. நினைச்சுப் பாருங்க, வாழ்நாள் முழுக்க டெலஸ்கோப் வழியாகப் பார்க்கப்போகிற மனுஷனுக்கு மிச்சமிருந்தது ஒரே கண்.

1790-களின் கடைசியில் தன் 33-ஆவது படைப்பிரிவோடு இந்தியாவுக்கு வந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது ஜெனரல் பெயர்டின் படை ஓர் இரவு கிளம்பியது. வடக்கே போவதாக நினைத்துக்கொண்டு தெற்கே, திப்புவின் முகாமை நோக்கி நடந்துகொண்டிருந்தது. வானத்து நட்சத்திரங்களைப் பார்த்தே லாம்டன் அதைக் கண்டுபிடித்தார். ஜெனரல் முதலில் நம்பவில்லை. விளக்கு வெளிச்சத்தில் காம்பஸைப் பார்த்த பிறகுதான் படையைத் திருப்பினார்.

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் அளக்க வேண்டும், அதை வைத்து பூமியின் வடிவத்தையும் கணக்கிட வேண்டும். அனுமதி கிடைத்தது. லண்டனில் வில்லியம் கேரி செய்த தியோடலைட் கப்பலில் கிளம்பியது. 36 அங்குல வட்டம், எடை சுமார் அரை டன். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியில் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், எதிரி நாட்டுப் பொருள் என்று பார்க்காமல் மரியாதையாக அனுப்பி வைத்தார்கள்.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலி. வேலை முடிய 57 நாள் ஆனது. ஏன் இவ்வளவு நாள்? எஃகு வெயிலில் நீளும். ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் தப்பாக எடுத்தாலும் ஏழரை மைலில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் பிழை வரும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டார். அந்த ஒரு கோட்டிலிருந்து கோணங்களை மட்டும் அளந்துகொண்டே மேற்குக் கடற்கரை வரை போனார். பழைய வரைபடங்கள் தீபகற்பத்தின் அகலத்தை சுமார் 40 மைல் கூட்டிக் காட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

1808-இல் தஞ்சாவூர் வந்தார். டெல்டா முழுக்கத் தட்டை நிலம், பார்க்கிற திசையெல்லாம் தென்னை. மலை கிடையாது. வேறு வழியில்லாமல் கோயில் கோபுரத்தின் மேல் தியோடலைட்டை ஏற்ற முடிவு செய்தார்கள். கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. திருகுகள் உடைந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, கோணம் குறிக்கப்பட்ட அந்தப் பெரிய வட்டமே வளைந்து போனது. வட்டம் வட்டமாக இல்லை என்றால் அது தியோடலைட்டே இல்லை, வெறும் பித்தளை.

லண்டனுக்கு எழுதிவிட்டு மாசக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பழியைக் கயிறு இழுத்தவர்கள் மேல் போட்டிருக்கலாம். கேட்க யார் இருக்கா? லாம்டன் கருவியோடு கூடாரத்துக்குள் போனார். ஒரு பெரிய பலகையில் அந்த வட்டம் எப்படி இருக்க வேண்டுமோ அதே அளவில் வரைந்தார். ஆப்பு, திருகு, கப்பி வைத்து, வளைந்த உலோகத்தை அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொண்டுவந்தார். வளைந்த ஆரங்களைச் சின்ன மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் இதே வேலை. கடைசியில் கருவி ஏறத்தாழ பழைய நிலைக்கு வந்தது.

ஆனா, ரிப்பேர் பண்ண கருவி சரியாத்தான் காட்டுதுன்னு எப்படி நம்புறது? அதுக்குத்தான் சரிபார்ப்பு அடிக்கோடு. முக்கோணக் கணக்கில் வந்த நீளத்தைத் தரையில் சங்கிலி போட்டு மறுபடி அளந்து ஒப்பிட வேண்டும். பெங்களூரில் 1804-இல் இப்படிச் சோதித்தபோது பல மைல் நீளத்தில் சில அங்குலமே வித்தியாசம் இருந்தது. 1809-இல் நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அடிக்கோட்டை அளந்தார். தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிற ஊர். அவர் வடக்கே நீட்டிக்கொண்டு போன பெரும் வில்லின் தென்முனையும் கன்னியாகுமரிக்குப் பக்கத்துப் புன்னையில்தான் இருக்கிறது.

இந்த இடத்துல நாம இன்னொன்னும் பேசணும். லாம்டன் அளந்தது கும்பினிக்காக. 1799-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பித்து மறுபடி போர் தொடுத்தது 1801-இல். அந்த ரத்தம் காய்ந்து எட்டு வருஷத்தில் அதே மண்ணில் சங்கிலி போட்டு அளந்தார்கள். துல்லியமான வரைபடம் அறிவியலுக்கு உதவியது மாதிரியே ஆட்சிக்கும் உதவியது. சங்கிலி தூக்கியவர்கள், கொடி பிடித்து மலை மேல் காத்திருந்தவர்கள், கயிறு இழுத்தவர்கள் எல்லாம் நம்ம ஊர்க்காரர்கள்தான். அவர்கள் பேரை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. லாம்டனின் நேர்மையைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே நினைக்கணும்.

1818-இல் இந்தப் பணிக்கு இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் உதவியாளராக வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். லாம்டன் எழுபதை நெருங்கும் வயதிலும் வேலையை விடவில்லை. காசநோயோடு நாக்பூர் நோக்கிப் போகும் வழியில், 1823 ஜனவரி 20 அன்று ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறை அங்கேதான். உலகத்தின் உயரமான சிகரத்துக்கு எவரெஸ்ட் பேர் கிடைத்தது. லாம்டன் பேர் சிவில் மாணவர்களுக்கே சரியாகத் தெரியாது.

எங்க கேம்ப் கதை என்னாச்சுன்னு கேக்குறீங்களா? மறுநாள் காலையில சாரலுக்கு முன்னாடியே எழுந்து போனோம். ட்ரைபாட் திருகை ரெண்டு பேர் மாத்தி மாத்தி இறுக்கிப் பார்த்தோம். எல்லா ரீடிங்கையும் முதல்லேர்ந்து எடுத்தோம். அருவிக்குப் போற ப்ளான் கேன்சல். ட்ராவர்ஸ் மூடிச்சு, அனுமதிச்ச பிழைக்குள்ள. பழைய ரீடிங் எழுதின பக்கத்தைக் கிழிக்காம, குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டு ஃபீல்டு புக்குலயே விட்டிருக்கோம்.