எண்ணியவர்களின் வெற்றி: ராபர்ட் ஸ்மால்ஸ் நடத்திய நீண்ட போர்

ராபர்ட் ஸ்மால்ஸ் என்றதும் கப்பலோடு தப்பிய அடிமையைத்தான் நாம் நினைவுகூர்கிறோம். 1862 மே 13 அதிகாலை, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென்மாநிலங்களின் 'பிளாண்டர்' கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அவர் கைப்பற்றினார். வெள்ளை அதிகாரிகள் கரைக்குச் சென்றிருந்தனர். கேப்டனின் தொப்பியை அணிந்து, உரிய சைகை ஒலியை எழுப்பி, சம்ட்டர் கோட்டையின் பீரங்கிகளைக் கடந்து, மனைவி மக்களையும் சக அடிமைகளையும் வடபுலக் கடற்படையிடம் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது 23. அந்த ஓர் இரவைக் கொண்டாடுபவர்கள், அதன்பின் அவர் வாக்குப்பெட்டியின் முன் நடத்திய போரைப் பேசுவதில்லை.

தெற்குக் கரோலினாவின் பியூஃபோர்ட்டில் 1839-இல் அடிமையாகப் பிறந்தவர் அவர். போருக்குப் பின், தம் எசமானுக்குச் சொந்தமாயிருந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். 1868 மாநில அரசமைப்பு அவையில், அனைவருக்கும் இலவசப் பொதுக்கல்வி வேண்டுமென வாதாடினார். 1874-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 1876-இல் மீண்டும் வென்றார். 1877-இல் கூட்டரசுப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டதும் மாநில ஆட்சி வெள்ளை ஆதிக்கவாதிகளின் கைக்குச் சென்றது. வாக்குச்சாவடி அலுவலர்களை அவர்களே நியமித்தனர்.

1878 தேர்தலில் அம்மாநிலத்தில் கையாளப்பட்ட உத்தியை நாம் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். அக்காலத்தில் வாக்குச்சீட்டுகளைக் கட்சிகளே அச்சிட்டன. சனநாயகக் கட்சியினர் மெல்லிய காகிதத்தில் சிறு சீட்டுகளை அச்சிட்டு, ஒன்றினுள் பலவற்றை மடித்துப் பெட்டியில் இட்டனர். பெட்டியைத் திறந்தால், பட்டியலில் பதிவான வாக்காளரைவிடச் சீட்டுகள் மிகுதி. மிகுதியான சீட்டுகளை ஓர் அலுவலர் பார்க்காமல் எடுத்து அழித்துவிட வேண்டும் என்பது விதி. கண்ணைக் கட்டினாலும் விரலுக்குத் தடிமன் தெரியாதா? கருப்பின மக்கள் இட்ட தடித்த சீட்டுகளே வெளியே வந்தன. எல்லாம் விதிப்படி! அந்தத் தேர்தலில் ஜார்ஜ் டில்மனிடம் ஸ்மால்ஸ் தோற்றார்.

1880-இல் மீண்டும் அதே டில்மன். கருப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த தொகுதியில் டில்மனுக்கு 23,325 வாக்குகளும் ஸ்மால்ஸுக்கு 15,287 வாக்குகளும் கிடைத்ததாக அறிவித்தனர். எட்ஜ்ஃபீல்டு மாவட்டத்தில் ஆயுதமேந்திய செஞ்சட்டைக் கும்பல்கள் வாக்காளரை விரட்டியிருந்தன. ஸ்மால்ஸ் பிரதிநிதிகள் சபையிலேயே முறையிட்டார். விசாரணை நீண்டது; பதவிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்த பின், 1882 சூலையில்தான் அவர் இருக்கையில் அமர்ந்தார். தாமதமாக வந்த நீதி என்றாலும், அறிவிக்கப்பட்ட முடிவே இறுதியானதன்று என்பதை அவர் நிறுவிக்காட்டினார்.

அதே 1882-இல் மாநிலம் எட்டுப்பெட்டிச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு பதவிக்கும் தனிப்பெட்டி. மாறி விழுந்த சீட்டு செல்லாது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கியிருந்த அதே மாநிலம், இப்போது பெட்டியின் பெயரைப் படித்தறிந்து வாக்களிக்கச் சொன்னது. மனனம் செய்து வருவோரைக் குழப்ப, அலுவலர்கள் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தனர். ஸ்மால்ஸ் 1886-இல் தோற்றபோது மீண்டும் முறையிட்டார். இம்முறை சபை அதனை ஏற்கவில்லை.

எண்ணிக்கையில் ஏமாற்றும் சிரமத்தைக்கூட 1895-இல் ஒழித்துவிட்டனர். ஜார்ஜின் தம்பி பென் டில்மன் முன்னின்று நடத்திய புதிய அரசமைப்பு அவையில், கருப்பினப் பிரதிநிதிகள் ஆறு பேர் மட்டுமே. ஸ்மால்ஸ் அவர்களுள் ஒருவர். அரசமைப்பின் பகுதியொன்றைப் படித்துக்காட்டவோ விளக்கவோ வல்லவருக்கே வாக்கு என்றனர். விளக்கம் போதுமா என்பதைத் தீர்மானிப்பவர் உள்ளூர்ப் பதிவு அலுவலர். ஸ்மால்ஸ் அதனை எதிர்த்துப் பேசினார். நிறைவேறிய அரசமைப்பில் கையெழுத்திட மறுத்தார்.

1915-இல், தாம் வாங்கிய அந்தப் பழைய எசமானின் வீட்டிலேயே அவர் மறைந்தார். அம்மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு அடுத்த கருப்பினத்தவர் தேர்வானது 1992-இல்.