மயில் மேல் பாடியவர்

நான் பொறியாளன், எழுத்தாளன் இல்லை. ஆனாலும் மலர்க்குழு கட்டுரை கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் தியாகி விஸ்வநாததாஸ்.

தாம்பரத்திலிருந்து மதுரை தாண்டிப் போகிற ரயிலில் திருமங்கலம் வரும். அவர் வாழ்ந்த ஊர் அது. அவருடைய வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. பிறந்தது 1886ல், சிவகாசியில், மருத்துவர் குலத்தில். அந்தக் குலத்தைக் காட்டி அவரோடு மேடையேற மறுத்த நடிகைகளும் உண்டு. ஆனால் அந்தக் குரலைக் கேட்க ஜனம் திரண்டது.

அன்றைய ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரிந்த புராணம். பாட்டும் பேச்சும் மேடையிலேயே பிறக்கும். 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டத்தைக் கையில் வைத்திருந்த வெள்ளைக்கார சர்க்காருக்கு இதுதான் தலைவலி. எழுதி வைத்ததைத் தடை செய்யலாம், எழுதாததை என்ன செய்வது? வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி வரும். அங்கே மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டில் ஒரு வெள்ளைக் கொக்கு பறக்கும். அந்தக் கொக்கு யாரென்று கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவனுக்கும் புரியும். பஞ்சாப் படுகொலையையும் அவர் பாடினார்.

விளைவு? கைது, சிறை, மறுபடி மேடை, மறுபடி கைது. ஒரு வழக்கில் அவருக்காக வாதாடியவர் வ.உ.சி. நாடகம் நின்றால் வருமானமும் நின்றது, கடன் ஏறியது. பாட்டை மட்டும் அவர் விடவில்லை. 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர். முருகன் வேஷத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 54.

1973ல் சிலி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பாடகர் விக்தோர் ஹாராவைக் கொன்றுவிட்டார்கள். தேசம் எதுவானாலும் ஆட்சிக்குப் பாட்டென்றால் பயம்தான். நம் நாட்டில் அந்த 1876 சட்டம் நீங்கியதே 2018ல்தான்.

இவரை ஏன் நினைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கடைசி வருஷம் ஹாஸ்டல் விழாவுக்கு நான்தான் நிகழ்ச்சிப் பொறுப்பு. ஜூனியர் பையன் ஒருவன் குடிதண்ணீர்ப் பிரச்சினையைக் கிண்டல் பண்ணி ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். விருந்தினர் முகம் சுளிப்பாரோ என்று நானே அதை எடுத்துவிட்டேன். எடுக்கச் சொல்லி என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. சட்டமும் போலீசும் இல்லாமலே வேலை முடிந்துவிட்டது. பதினைந்து வருஷமாகியும் அது உறுத்துகிறது.

அந்தத் தம்பி இந்தச் சந்திப்புக்கு வருவான் என்று கேள்விப்பட்டேன். வந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மைக்கை அவன் கையில் கொடுக்கணும். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் விழாவில் பாட்டை வெட்டப் பேனா எடுக்கும் முன் திருமங்கலத்துக்காரரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.