ரொனால்டு ராஸ்

சர் ரொனால்டு ராஸ் (மே 13, 1857 - செப்டம்பர் 16, 1932) மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் (நுளம்பின்) உடலில் வளர்வதைக் கண்டறிந்த மருத்துவர் ஆவார். இக்கண்டுபிடிப்பிற்காக 1902ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை பிரித்தானிய இந்தியப் படை அதிகாரி. கவிதையிலும் ஓவியத்திலும் நாட்டம் கொண்டிருந்த ராஸ், தந்தையின் விருப்பத்தினாலேயே இலண்டனில் மருத்துவம் பயின்றார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் அமர்த்தப்பட்டார். 1883இல் பெங்களூரில் தம் வீட்டருகே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுக்கள் பெருகுவதைக் கண்டு நீரைக் கொட்டிவிட, தொல்லை குறைந்தது.

அக்காலத்தில் மலேரியா சதுப்புநிலக் காற்றால் வருவதாகவே பெரும்பாலோர் நம்பினர். இன்றைய தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிற்கு நீர் தரும் பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டபோது, காட்டில் தங்கியிருந்த தொழிலாளர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். கொயினா மருந்து இருந்தது. நோயைப் பரப்புவது கொசு என்பது அறியப்படவில்லை. பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலம் போன்ற, வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்களில் நீரை மூடிவைப்பதும் தேங்கவிடாமல் வடிப்பதும் நோய்த்தடுப்பு ஆனது ராஸின் ஆய்விற்குப் பின்னரே.

செகந்திராபாத் ஆய்வு

1894இல் இலண்டனில் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர் கொசுவைப் பற்றிய தம் ஐயத்தை ராசிடம் தெரிவித்தார். அடுத்த ஆண்டு இந்தியா திரும்பிய ராஸ், பொருந்தாத கொசு வகைகளையே ஏறத்தாழ ஈராண்டுகள் அறுத்துப் பார்த்தார். 1897இல் உதகமண்டலம் சென்றிருந்தபோது சீகூர் மலைச்சரிவில் தாமே மலேரியாவுக்கு ஆளானார்.

அவ்வாண்டு ஆகஸ்டில், உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கவிட்ட புள்ளிச்சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில், ஆகஸ்ட் 20 அன்று, கருந்துகள்கள் கொண்ட உருண்டைகளைக் கண்டார். கடிக்குக் கூலியாக உசேன் கானுக்குக் கிடைத்தது கொசு ஒன்றுக்கு ஓர் அணா. நோபல் பரிசு பற்றிப் பேசுவோர் இம்மனிதரையும் நினைவுகூர்வது முறை.

1898இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே பரவுவதை மெய்ப்பித்தார். மனித மலேரியாவில் முழுச் சுழற்சியையும் அதே ஆண்டு காட்டியவர் இத்தாலியரான கிராசி. இருவருக்கும் இடையிலான முன்னுரிமைப் பூசல் நெடுங்காலம் நீடித்தது. அதில் ராஸ் காட்டிய கடுமை அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று.

1899இல் இந்தியாவை விட்டு நீங்கி லிவர்பூலில் ஆசிரியரானார். 1911இல் சர் பட்டம் பெற்றார். இலண்டனில் காலமானார்.

பிற்கால ஆய்வுகள்

ராஸ் கண்ட இரைப்பைப் பருவம் இன்று மரபணு ஆய்வில் முதன்மை பெற்றுள்ளது. மலேரியா ஒட்டுண்ணியின் இழைமணி (மைட்டோகாண்டிரியா) மரபுத்தொகை மிகச் சிறியது: ஏறத்தாழ 6,000 எழுத்துகள், மூன்றே புரத மரபணுக்கள். அவற்றுள் ஒன்றான சைட்டோகுரோம் பி புரதத்தை அட்டோவாகுவோன் என்னும் மருந்து தாக்குகிறது. அம்மரபணுவில் திரிபு ஏற்பட்ட ஒட்டுண்ணி மனிதக் குருதியில் மருந்தை எதிர்த்துப் பிழைக்கும். ஏனெனில் அங்கு அது சர்க்கரையைச் சிதைத்தே பெரும்பாலான ஆற்றலைப் பெறுகிறது. கொசுவின் உடலிலோ இழைமணி முழுமையாக இயங்கியாக வேண்டும். திரிபுற்ற ஒட்டுண்ணிகள் அங்கு வளர்ச்சி குன்றுவதையும், கொசுவின் வழியே அடுத்த உடலுக்குப் பரவ இயலாமற்போவதையும் 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.